படைத்தலைவரின் தூது: கொரியாவிலும் சைப்ரஸிலும் ஜெனரல் திம்மையா

1953ஆம் ஆண்டில் இந்திய ராணுவத்தின் இரண்டு முன்னணித் தளபதிகள் கடல் கடந்து தூதுப் பணிக்குச் சென்றார்கள். இருவருமே குடகுக்காரர்கள். தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா, அந்த ஜனவரியில் ஓய்வு பெற்றபின் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இந்திய உயர் ஆணையராகப் போனார். லெப்டினன்ட் ஜெனரல் கோதண்டேரா சுப்பையா திம்மையா, சீருடையைக் கழற்றாமலே, கொரியப் போரில் பிடிபட்ட இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் எதிர்காலத்தைத் தீர்க்கும் பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைவராகப் போனார். கரியப்பாவுக்குத் தூதரகமும் அலுவலர்களும் நிலையான மரபும் துணை இருந்தன. திம்மையாவுக்குக் கிடைத்ததோ இரண்டு பகைப் படைகளுக்கு இடையே கிடந்த ஒரு துண்டு நிலமும், இரு தரப்பும் தத்தம் விருப்பப்படி பொருள் கொண்ட ஓர் ஒப்பந்தத் தாளும்தான்.

சோஜிலா கணவாயில் டாங்கி ஏற்றியவர் என்றும், 1959இல் ராஜினாமா கடிதம் கொடுத்தவர் என்றும்தான் திம்மையாவை இந்தியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனை இந்த இரண்டுமே அல்ல, கொரியாவில் அவர் காட்டிய நிதானமே என்பது இக்கட்டுரையின் வாதம். படைபலத்தின் விலை தெரிந்த ஒருவர் அந்தப் பலத்தை எங்கே நிறுத்திவைக்க வேண்டும் என்று எடுத்த முடிவு அது. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல.

போர்க்களத்தில் கற்றது

1906 மார்ச் 31 அன்று மடிக்கேரியில் பிறந்த திம்மையா, சிறு வயதில் நீலகிரியின் குன்னூரில் உள்ள புனித ஜோசப் பள்ளியிலும், பிறகு பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் படித்தார். டேராடூன் ராணுவக் கல்லூரி வழியாக இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டுக்குச் சென்று, 1926இல் அதிகாரியானார். ஆங்கிலேய அதிகாரிகளின் மெஸ்ஸில் இந்தியன் ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுவதே புதுமையாக இருந்த காலம் அது.

இரண்டாம் உலகப் போர் அந்தக் குடும்பத்தையே இரண்டாகப் பிரித்தது. சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்ட அவருடைய அண்ணன் பொன்னப்பா, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். தம்பியோ பர்மாவின் அரக்கான் முனையில் 8/19 ஹைதராபாத் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி அதே ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டார். பிடிபட்ட சிப்பாய் ஒருவன் எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்கும்போது அவனுக்குள் என்னென்ன மோதும் என்பதைத் திம்மையா தம் வீட்டுக்குள்ளேயே பார்த்தவர். எட்டு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி பல்லாயிரம் முகங்களோடு அவர் முன்னால் வந்து நின்றது.

1945 ஜனவரியில் கங்கோ என்ற இடத்தில் நடந்த கடும் சண்டையில் மூன்று இந்திய அதிகாரிகள் ஒரே பிரிகேடில் மூன்று பட்டாலியன்களை நடத்தினார்கள்: திம்மையா, தோரட், எல்.பி. சென். மூவருக்கும் டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. இவர்களில் தோரட்டைத்தான் பின்னாளில் கொரியாவில் திம்மையாவின் அருகில் பார்க்கிறோம். அந்தப் போரில் களத்தில் ஒரு காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்தியர் என்ற பெயரும் திம்மையாவுக்கு உண்டு. போர் முடிந்ததும் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காமன்வெல்த் படையில் இந்திய பிரிகேடு ஒன்றை நடத்தினார். 1947இல் பஞ்சாப் எல்லைப் படையின் ஆலோசகர்களில் ஒருவராகப் பிரிவினையின் ரத்தத்தை நேரில் கண்டார். பின்னாளில் பாகிஸ்தானை ஆண்ட அயூப் கானும் அதே படையில் ஆலோசகராக இருந்தார்.

1948 நவம்பர் 1 அன்று, சுமார் 11,500 அடி உயரத்திலுள்ள சோஜிலா கணவாயில் 7ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறின. அதற்கான பாதையைச் செப்பனிட்டவர்கள் மெட்ராஸ் சேப்பர்ஸ் வீரர்கள். முன்னணி டாங்கியிலேயே திம்மையா இருந்தார். லடாக்கிற்குச் செல்லும் வழி இந்தியாவின் கையில் நின்றதற்கு அந்த நாள் ஒரு முக்கியக் காரணம். கொரியாவுக்குப் போகும்போது அவரிடம் இருந்த மூலதனம் இதுதான். துணிச்சலை யாரிடமும் நிரூபித்துக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

கைதிகள் என்ற முடிச்சு

கொரியப் போரில் எல்லைக்கோடு குறித்த பேச்சு ஓரளவு எளிதாகவே முடிந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் போரை இழுத்தடித்தது கைதிகள் விவகாரம். சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் தாயகம் அனுப்ப வேண்டும் என்கிறது 1949 ஜெனிவா ஒப்பந்தத்தின் 118ஆவது பிரிவு. ஆனால் ஐ.நா. படையின் முகாம்களில் இருந்த சீன, வடகொரியக் கைதிகளில் பலர் ஊர் திரும்ப மறுத்தார்கள். விருப்பமில்லாதவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. ஒருவர் விடாமல் அனுப்பியாக வேண்டும் என்றன சீனாவும் வடகொரியாவும்.

இந்த இடத்தில் இந்தியா நுழைந்தது. ஐ.நா. பொதுச்சபையில் வி.கே. கிருஷ்ண மேனன் முன்வைத்த வரைவு 1952 டிசம்பர் 3 அன்று நிறைவேறியது. கைதிகள் மீது யாரும் பலம் பிரயோகிக்கக் கூடாது, நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அவர்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் சாரம். சோவியத் யூனியனும் சீனாவும் அப்போது அதை நிராகரித்தன. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபின் காற்று மாறியது. அந்த ஆண்டு ஜூன் 8 அன்று இரு தரப்பும் கையெழுத்திட்ட விதிமுறைகளில் மேனன் வரைவின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது.

ஆணையத்தில் ஐந்து நாடுகள். ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் ஒரு தரப்பின் தேர்வு. போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் மறுதரப்பின் தேர்வு. நடுவில் இந்தியா. தலைமை, நடுவர் பொறுப்பு, முகாம்களுக்கான காவல் படை என மூன்றும் இந்தியாவின் தலையில் விழுந்தன. எந்தக் கேள்வியிலும் வாக்குகள் இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும், ஐந்தாவது வாக்கு திம்மையாவுடையதாக இருக்கும் என்பது முதல் நாளிலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஹெலிகாப்டரில் வந்த காவல் படை

தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்த ஏற்பாட்டை அடியோடு எதிர்த்தார். 1953 ஜூன் 18 அன்று, போர் நிறுத்தம் கையெழுத்தாகும் முன்பே, சுமார் 25,000 கொரியக் கைதிகளை முகாம்களிலிருந்து தன்னிச்சையாகத் திறந்துவிட்டார். இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால் வைக்கவும் அவர் அனுமதிக்கவில்லை. இன்ச்சான் துறைமுகத்துக்கு வந்த சுமார் 6,000 இந்தியர்களையும் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தென்கொரிய நிலத்தைத் தொடாமல் தூக்கிக்கொண்டு போய், படைவிலக்கப் பகுதியில் இறக்கின. அங்கே எழுந்த முகாமுக்கு ‘இந்த் நகர்’ என்று பெயர். காவல் படைக்குத் தளபதி மேஜர் ஜெனரல் தோரட். ஆணையத்தில் திம்மையாவுக்கு அரசியல் ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் பி.என். ஹக்சர்.

கொரியாவுக்கு இந்திய ராணுவம் அந்நியமானதல்ல. தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 முதலே அங்கே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தது. ஆனால் மருத்துவருக்குக் கிடைத்த வரவேற்பு காவலருக்குக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் இறுதிக்குள் ஐ.நா. தரப்பு 22,604 பேரை இந்தியக் காவலில் ஒப்படைத்தது. அவர்களில் 14,704 பேர் சீனர்கள், 7,900 பேர் கொரியர்கள். மறுதரப்பு ஒப்படைத்தவர்கள் 359 பேர்: 335 தென்கொரியர்கள், 23 அமெரிக்கர்கள், ஒரு பிரிட்டிஷ்காரர்.

கைதிகள் தனி மனிதர்களாக வரவில்லை. கொடிகளோடும் முழக்கங்களோடும் தலைவர்களோடும் கட்டுக்கோப்பான அமைப்புகளாக வந்தார்கள். தாயகம் திரும்ப நினைப்பவனை அடித்து நொறுக்கவும், தேவைப்பட்டால் கொல்லவும் அந்த அமைப்புகளுக்கு ஆள் இருந்தது. இரவில் முள்வேலி தாண்டி ஓடிவந்து இந்தியக் காவலரிடம் அடைக்கலம் கேட்டவர்கள் உண்டு.

தொடக்க நாட்களிலேயே சீனக் கைதிகள் ஓர் இந்திய மேஜரை வளாகத்துக்குள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். செய்தி கேட்ட தோரட் துப்பாக்கிகளோடு பாயவில்லை. உள்ளே போய் அவர்கள் நடுவில் நின்றார். விருந்தாளிக்குத் தேநீரோ சிகரெட்டோ கொடுக்காத இப்படிப்பட்ட மனிதர்களை நான் பார்த்ததில்லை என்ற பொருளில் அவர்களைக் கடிந்துகொண்டதாகப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். தேநீர் வந்தது, மேஜரும் வெளியே வந்தார். எல்லா நாளும் இப்படி முடியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் வேலியை உடைக்க முயன்ற கூட்டத்தின்மீது காவலர்கள் சுட நேர்ந்தது. கைதிகள் சிலர் இறந்தார்கள். பலப்பிரயோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த நாட்களே சாட்சியாயின.

கூடாரத்துக்குள் நடந்தது

ஒப்பந்தப்படி, கைதிகளின் நாட்டுப் பிரதிநிதிகள் 90 நாட்களுக்கு அவர்களைச் சந்தித்து, ஊர் திரும்புவதற்கு அச்சமில்லை என்று விளக்கலாம். அதற்காகக் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. ஒவ்வொரு கூடாரத்திலும் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள், விளக்கம் சொல்ல வந்த அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள், ஐ.நா. தரப்பின் பார்வையாளர், இந்தியக் காவலர்கள். கைதி ஒருவனை உள்ளே அழைத்துவருவார்கள். பேச்சு முடிந்ததும் அவன் முன்னால் இரண்டு வாயில்கள். ஒன்றின் வழியே போனால் தாயகம், மற்றதன் வழியே போனால் மீண்டும் முகாம்.

அக்டோபர் 15 அன்று முதல் விளக்கம் தொடங்கியது. பெரும்பாலான சீனக் கைதிகள் உள்ளே வந்ததும் கத்தினார்கள், எச்சில் துப்பினார்கள், காவலரின் பிடியில் திமிறினார்கள். விளக்க அதிகாரிகள் குரலை உயர்த்தாமல் அதே வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சில நிமிடங்களில் கைதி முகாம் வாயிலை நோக்கி ஓடிவிடுவான். பிறகு விளக்க அதிகாரிகள் உத்தியை மாற்றி, ஒரே கைதியை மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார்கள். இது துன்புறுத்தல் என்றார்கள் சுவிஸ், ஸ்வீடன் பிரதிநிதிகள். விளக்கம் எவ்வளவு நேரம் என்று விதியில் எங்கே எழுதியிருக்கிறது என்றார்கள் போலந்து, செக் பிரதிநிதிகள்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. முழு வளாகங்களாகவே கைதிகள் விளக்கத்துக்கு வர மறுத்தார்கள். வராதவர்களைப் பலவந்தமாக இழுத்துவர வேண்டும் என்று சீனத் தரப்பு வற்புறுத்தியது. அப்படிச் செய்தால் ஆணையத்தைவிட்டு விலகிவிடுவோம் என்றது சுவிட்சர்லாந்து.

திம்மையா பலத்தைப் பயன்படுத்த மறுத்தார். கைதிகள்மீது பலமோ மிரட்டலோ கூடாது என்பது ஆணையத்தின் விதிமுறையிலேயே இருந்தது. அதற்கு மேல் ஒரு படைத்தலைவரின் கணக்கும் இருந்தது. எதற்கும் துணிந்த ஆயிரக்கணக்கானவர்களை வளாகம் வளாகமாக வெளியே இழுத்தால் நூற்றுக்கணக்கில் பிணங்கள் விழும். அந்தப் பிணங்களின் மேல் எந்தச் சுதந்திர விருப்பத்தையும் நிலைநாட்ட முடியாது. 90 நாள் கெடு டிசம்பர் 23 அன்று முடிந்தபோது, விளக்கங்கள் உண்மையில் நடந்தது பத்து நாட்கள்தான். சுமார் மூவாயிரம் பேர் மட்டுமே கூடாரத்துக்குள் வந்திருந்தார்கள்.

ஐந்தாவது வாக்கு

டிசம்பர் இறுதியில் ஆணையம் தந்த இடைக்கால அறிக்கையில்தான் திம்மையாவின் நேர்மை முழுதாகத் தெரிகிறது. முகாம்களில் உள்ள கைதிகள் சுதந்திரமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை, அவர்களை ஆட்டிவைக்கும் அமைப்புகளுக்கு வெளியிலிருந்து தொடர்பு இருந்தது என்று அந்த அறிக்கை சொன்னது. அதில் இந்தியா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர்ந்து நின்றது. ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் தனி அறிக்கை தந்தன.

நோய் இன்னது என்று சொன்ன இடத்தில் அவர் சீனத் தரப்போடு ஒத்துப்போனார். மருந்து எது என்ற இடத்தில் அவர்களை மறுத்தார். அமெரிக்கர்களுக்கு முதல் பாதி கசந்தது, சீனர்களுக்கு இரண்டாம் பாதி கசந்தது. இரு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்துச் சமன் செய்யும் தந்திரமாக இதைப் பார்ப்பது தவறு. கண்டதைக் கண்டபடி எழுதினார், விதி அனுமதிக்காததைச் செய்ய மறுத்தார். இந்த இரண்டு செயலும் ஒரே மனிதரிடமிருந்து வந்ததால்தான் அவருடைய ஐந்தாவது வாக்குக்கு மதிப்பு இருந்தது.

1954 ஜனவரியில் கடைசிச் சோதனை வந்தது. தீராத கைதிகளின் கதியை ஓர் அரசியல் மாநாடு முடிவு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மாநாடு கூடவே இல்லை. 120 நாள் முடிந்ததும் அவர்களைக் குடிமக்களாக அறிவித்து விடுவியுங்கள் என்றது ஐ.நா. தரப்பு. மாநாடு கூடும்வரை காவலில் வைத்திருங்கள் என்றது சீனா. திம்மையா ஜனவரி 20 முதல் கைதிகளை அவரவரை ஒப்படைத்த தரப்பிடமே திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவர்களைக் குடிமக்களாக அறிவிக்க மறுத்தார். மாநாடு நடக்காத நிலையில் அப்படி அறிவிக்கும் அதிகாரம் ஒப்பந்தத்தில் யாருக்கும் இல்லை என்பதே அவர் நிலை. தம் அதிகாரம் எங்கே முடிகிறதோ அங்கே நின்றுகொண்டார். ஜனவரி 23 அன்று ஐ.நா. தரப்பு தன் பொறுப்பில் அவர்களை விடுவித்தது. சீனர்களில் பெரும்பாலோர் தைவானுக்குப் போனார்கள்.

கணக்கு இப்படி முடிந்தது. ஐ.நா. தரப்பு ஒப்படைத்த 22,604 பேரில் தாயகம் திரும்பியவர்கள் 628 பேர். ஐ.நா. தரப்பிடமே திரும்பியவர்கள் 21,839 பேர். மற்றவர்களில் சிலர் காவலில் இறந்தார்கள், சிலர் தப்பியோடினார்கள். இரு கொரியாவும் வேண்டாம், இரு சீனாவும் வேண்டாம் என்று நடுநிலை நாடு கேட்டவர்கள் இரு தரப்பிலிருந்தும் சேர்த்து 88 பேர். 76 கொரியர்களும் 12 சீனர்களுமான அவர்களை ஏற்றிய கப்பல் 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து டெல்லிக்குப் போனார்கள். பின்னர் பலர் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் குடியேறினார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960இல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகன், நடுநிலை நாட்டுக்குக் கப்பலேறும் இப்படிப்பட்ட ஒரு கைதிதான். கொரிய இலக்கியத்தில் அந்த 88 பேருக்கு இடம் இருக்கிறது. அவர்கள் வந்திறங்கிய சென்னையில் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

தலைமையும் முறிவும்

கொரியப் பணிக்காக 1954இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. இந்தியப் படையின் நடத்தையைப் பாராட்டி அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் நேருவுக்கு எழுதினார். 1957 மே மாதம் திம்மையா தரைப்படைத் தலைவரானார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராகியிருந்தார். கொரியத் தீர்வை ஐ.நா.வில் எழுதியவரும் அதைக் களத்தில் நடத்திக் காட்டியவரும் டெல்லியில் எதிரெதிராக நின்றார்கள். பதவி உயர்வுகளில் அமைச்சர் தலையிடுகிறார் என்ற மனக்குறை முற்றி, 1959 ஆகஸ்ட் இறுதியில் திம்மையா ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பப் பெறவைத்தார். பிறகு நாடாளுமன்றத்தில் அவரையே குறை சொன்னார்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றது திம்மையாவின் வாழ்வில் பலவீனமான தருணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கருத்தில் நியாயம் உண்டு. கொரியாவில் அவர் கையில் எழுதப்பட்ட விதி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வல்லரசுத் தரப்புகளையும் சமாளித்தார். டெல்லியில் அமைச்சருக்கும் தளபதிக்கும் நடுவே அப்படித் தெளிவான எல்லைக்கோடு எதுவும் இல்லை. 1961 மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்தது.

சைப்ரஸில் கடைசிப் பணி

கிரேக்க, துருக்கிய சைப்ரஸ் மக்களிடையே மோதல் மூண்டபின், 1964 மார்ச் 4 அன்று பாதுகாப்பு சபை அமைதிப் படையை உருவாக்கியது. அதன் முதல் தளபதியும் இந்தியர்தான், லெப்டினன்ட் ஜெனரல் கியானி. அந்தக் கோடையில் அவரிடமிருந்து திம்மையா பொறுப்பேற்றார். வந்த சில வாரங்களிலேயே, ஆகஸ்டில், தீவின் வடமேற்கில் கொக்கினா பகுதியில் பெரும் சண்டை வெடித்து, துருக்கிய விமானங்கள் குண்டு வீசின.

கனடா, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், அயர்லாந்து, பிரிட்டன் எனப் பல நாட்டு வீரர்கள் அவருக்குக் கீழே இருந்தார்கள். தற்காப்புக்குத் தவிர வேறெதற்கும் சுடக் கூடாது. அந்த நிலையில் தளபதியின் வேலை பெரும்பாலும் பேச்சுவார்த்தைதான். நிக்கோசியாவிலிருந்து கைரேனியா செல்லும் சாலை ஒரு நல்ல உதாரணம். துருக்கிய சைப்ரஸ்காரர்களின் கையில் இருந்த அந்தச் சாலையில் கிரேக்கர்கள் போக முடியவில்லை. 1964 அக்டோபர் வாக்கில் சாலை ஐ.நா. கட்டுப்பாட்டுக்கு வந்தது. ஐ.நா. வண்டிகள் முன்னும் பின்னும் வர, குறித்த நேரத்தில் கிரேக்கர்களின் வாகன அணிகள் போய்வந்தன. தீவின் அரசியல் தீரவில்லை. ஒரு சாலை திறந்தது, அதில் மனிதர்கள் உயிரோடு போய்வந்தார்கள். அமைதிப் படையின் வெற்றியை இந்த அளவுகோலால்தான் அளக்க முடியும்.

1965 டிசம்பர் 18 அன்று சைப்ரஸில் பணியில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். வயது 59. உடல் பெங்களூருவில் அடக்கம் செய்யப்பட்டது. சைப்ரஸ் அரசு அடுத்த ஆண்டே அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

மதிப்பீடு

கொரியப் பணியை வெற்றி என்று சொல்லலாமா? விளக்கம் கேட்காமலே பெரும்பாலான கைதிகள் முகாமிலிருந்து போனார்கள். அவர்களில் எத்தனை பேர் மனமறிந்து முடிவெடுத்தார்கள், எத்தனை பேர் அச்சத்தில் வாய்மூடி நின்றார்கள் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. அந்தக் குறையைத் திம்மையாவே மறைக்காமல் அறிக்கையில் பதிவு செய்தார். ஆனால் போர்நிறுத்தம் உடையாமல் இருக்க இந்த ஒரு விவகாரம் தீர்ந்தாக வேண்டியிருந்தது. பெரும் ரத்தக்களரி இல்லாமல் அது தீர்ந்தது. பின்னாளில் காசா முதல் காங்கோ வரை ஐ.நா. இந்திய வீரர்களை நாடியதற்கும் இந்த் நகரில் கிடைத்த நற்பெயர் அடித்தளமாக இருந்தது.

தளபதிகளைத் தூதர்களாக அனுப்பும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்கும் மரியாதையாகவோ, தொந்தரவு தரக்கூடியவரைத் தூரத்தில் வைக்கும் வழியாகவோ அது பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. திம்மையாவை அனுப்பியபோது நோக்கம் வேறாக இருந்தது. துப்பாக்கி ஏந்திய ஆறாயிரம் பேர் கையில் இருந்தும் அவர்களைப் பயன்படுத்தாமல் இருக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார், அப்படிப்பட்டவர் கிடைத்தார்.

கொரிய மாதங்களைப் பற்றி அவரே எழுதிய ‘எக்ஸ்பெரிமென்ட் இன் நியூட்ராலிட்டி’ அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1981இல்தான் அச்சேறியது. சோஜிலாவைக் கற்பிக்கும் ராணுவப் பள்ளிகள் இந்தப் புத்தகத்தையும் பாடமாக்க வேண்டும். வெளியுறவுப் பணிக்கு வரும் இளைஞர்கள் அதைப் படிக்க வேண்டும். தமிழிலும் அது வர வேண்டும். இந்தியா உலகுக்குத் தந்த அமைதிப் பணியின் முதல் பெரிய ஆவணம் அது.